ஆறாலும்மூட்டு வண்டி

கேரளத்துக்குச் சொந்தமாக ஒரு வண்டித் தொழிற்சாலை உண்டு என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குளத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஆறாலும்மூட்டில் இருக்கிறது கேரளா ஆட்டோமொபைல்ஸ் லிமிடெட். 1978-இல் மாநில அரசு தொடங்கிய நிறுவனம். அங்கே செய்வது மூன்று சக்கர வண்டிகள்: ஆள் ஏற்றும் ஆட்டோ, பின்னால் தொட்டி வைத்த சரக்கு வண்டி, குப்பை அள்ளும் வண்டி. இடையிடையே இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கும் சில பாகங்களைக் கடைந்து கொடுத்திருக்கிறார்கள். கார் என்று சொல்லத்தக்க எதையும் அந்த ஆலை செய்ததில்லை.

ஆனாலும், ஓர் அரசு மனம் வைத்தால் வண்டித் தொழிலை வளர்த்துவிட முடியுமா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆலைதான் முன்னால் வந்து நிற்கிறது. டெல்லியில் எழுதப்படும் தொழில் கொள்கை வரலாறுகளில் ஆறாலும்மூடு வராது. ஒரு கொள்கை எங்கே பலித்தது என்பதை மாருதி ஆலை இருக்கும் குர்கானில் பார்க்கலாம். பாதி பலித்து அப்படியே நின்றுவிடுவது எப்படியென்று பார்க்க வேண்டுமானால் நெய்யாற்றின்கரைக்குத்தான் வரவேண்டும்.

சுதந்திரம் கிடைத்த கையோடு இந்திய அரசு கார் விஷயத்தில் எடுத்த முடிவுகள் கடுமையானவை. முழுதாகச் செய்யப்பட்ட கார்களின் இறக்குமதி 1949-இல் தடைசெய்யப்பட்டது. 1953-இல் சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று அரசு இன்னும் ஓர் அடி போனது: பெட்டிகளில் வரும் பாகங்களை இங்கே கோத்து விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் கையில் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். 1920-களிலிருந்து பம்பாயிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் கார் கோத்துக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்குள் கடையைக் கட்டின. இந்தியச் சந்தை அவ்வளவு சிறியது. மிஞ்சியவர்கள் சிலர். உத்தரபாடாவில் பிர்லாக்களின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் வால்சந்த் குழுமத்தின் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

இதன் பிறகு நடந்தது தெரிந்த கதை, அதனால் நீட்ட வேண்டியதில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடம்போடு 1950-களின் கடைசியில் வந்த அம்பாசடர் 2014 மே மாதம்வரை, முன்னழகில் சின்னச்சின்ன மாற்றங்களுடன், செய்யப்பட்டது. ஃபியட் 1100 பத்மினியாகப் பெயர் மாறி இருபத்தோராம் நூற்றாண்டின் வாசல்வரை வந்தது. யார் எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. 1969-இல் விலையையும் அரசே கட்டுப்படுத்தியது. 1980 வாக்கில் எழுபது கோடி பேருக்கு நெருங்கிய இந்த நாட்டில் ஆண்டுக்கு முப்பதாயிரம் கார்களைச் சுற்றியே உற்பத்தி நின்றது. வாங்குகிறவன் வருஷக்கணக்கில் காத்திருந்தான். விற்கிறவனுக்கு அவசரமே இல்லை. பாதுகாப்பு கொடுத்த அரசு, அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக எதையும் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். காலக்கெடு கிடையாது, ஏற்றுமதி இலக்கு கிடையாது, புது மாடல் வேண்டும் என்ற வற்புறுத்தலும் கிடையாது.

இந்த அளவோடு நிறுத்திவிட்டு, லைசென்ஸ் ராஜ் தோற்றது என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவர்கள் பாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை.

1953-இன் அதே கொள்கைக்கு இன்னொரு பக்கம் உண்டு. காரை இங்கேயே செய்ய வேண்டுமென்றால் பிரேக்கையும் சக்கரத்தையும் டைனமோவையும் யாராவது இங்கே செய்தாக வேண்டும். டி.டி.கிருஷ்ணமாச்சாரி தொழில்துறை அமைச்சராக இருந்த ஆண்டுகளில் மத்திய அரசின் கை அந்தத் திசையில் தள்ளியது. பிறகு மாநிலத்தில் காமராஜர் ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த ஆர்.வெங்கட்ராமன் கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகளை எழுப்பினார். 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ் டிவிஎஸ், 1962-இல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று சென்னையின் மேற்கு ஓரத்தில் பாடியைச் சுற்றி வரிசையாக ஆலைகள் வந்தன. பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே குடும்பம், கூட்டாளியாகப் பிரிட்டிஷ் நிறுவனங்கள். அந்த ஆலைகளுக்கு வார்ப்பு செய்து கொடுக்க, கடைசல் செய்து கொடுக்க, முலாம் பூசிக் கொடுக்க அம்பத்தூரில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் கிளம்பின.

கவனிக்க வேண்டியது இது: சென்னையில் கார் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு, கெஸல் என்று ஓட்டிப் பார்த்து, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளுக்குள் மூடிவிட்டது. பெருங்களத்தூரில் அதன் கதவு சாத்தப்பட்டது. பாடியின் பட்டறைகள் சாகவில்லை. பிரேக்குக்கும் திருகாணிக்கும் எந்தக் காரானாலும் ஒன்றுதான். 1990-களின் நடுவில் ஃபோர்டு மறைமலை நகருக்கும், 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தபோது சென்னையில் துறைமுகம் இருந்தது, மாநில அரசின் வரிச்சலுகை இருந்தது. அவற்றோடு நாற்பது வருஷமாக இரும்பைக் கடைந்து பழகிய கைகளும் இருந்தன. ஹூண்டாய் தன் கொரிய உதிரிபாகக்காரர்களையும் கூடவே கூட்டிவந்தது உண்மைதான். அவர்கள் வேலைக்கு எடுத்த ஃபிட்டரும் டூல் ரூம் ஆளும் கொரியாவிலிருந்து வரவில்லை. ஃபோர்டு 2021-இல் போகிறேன் என்று அறிவித்தபோதும் போனது ஃபோர்டுதான். தொழில் ஊரிலேயே இருந்தது.

ஆறாலும்மூட்டு ஆலை பிறந்த காலத்துக்கு வருவோம். 1970-கள் மாநில அரசுகளுக்கு வண்டிக் கனவு பிடித்த பத்தாண்டு. லக்னோவில் மத்திய அரசு இத்தாலியின் லாம்ப்ரெட்டா இயந்திரங்களை வாங்கிவந்து 1972-இல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் வடிவமைப்பை வைத்துக்கொண்டு ஆந்திரம், கர்நாடகம், பஞ்சாப் என்று ஆளாளுக்கு ஒரு ஸ்கூட்டரை வெவ்வேறு பெயரில் இறக்கினார்கள். மகாராஷ்டிரம் மட்டும் கெட்டிக்காரத்தனமாக பஜாஜைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1975-இல் மகாராஷ்டிரா ஸ்கூட்டர்ஸைத் தொடங்கியது; பிரியா ஸ்கூட்டர் அங்கிருந்து வந்ததுதான். இன்று அந்த நிறுவனம் ஸ்கூட்டர் எதுவும் செய்வதில்லை, பஜாஜ் பங்குகளை வைத்துக்கொண்டு முதலீட்டு நிறுவனமாகச் சௌக்கியமாக இருக்கிறது. லக்னோ ஆலையை மூட 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மற்றவை எப்போதோ போய்விட்டன. இந்தக் கூட்டத்தில் வண்டி செய்துகொண்டு மிஞ்சியது, பிழைத்துக் கிடந்தது என்றாவது சொல்லத்தக்கது, நெய்யாற்றின்கரை ஆலை. அதற்காகவேனும் ஒரு மரியாதை அதற்குத் தரவேண்டும்.

இந்த மாநில ஆலைகள் ஏன் தோற்றன? தொழிலாளி சரியில்லை, யூனியன், அரசு என்றாலே அப்படித்தான் என்று மூன்று விடைகள் தயாராக இருக்கின்றன. எனக்கு மூன்றிலும் திருப்தியில்லை. யூனியன் குர்கானிலும் இருந்தது. அரசு மாருதியிலும் இருந்தது.

மாருதியின் முதல் பிறவி அவமானகரமானது. சஞ்சய் காந்திக்கு ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் அனுமதி, முழுக்க உள்நாட்டுப் பொருள்களால் ஆன சிறிய கார் என்ற வாக்கு, ஹரியானாவில் நிலம் எல்லாம் கிடைத்தன. கார் மட்டும் கிடைக்கவில்லை. 1977-க்குப் பிறகு நிறுவனம் கலைக்கப்பட்டது. 1980-இல் இந்திரா காந்தி திரும்பி வந்து, மகனும் இறந்தபின், அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் அதை நாட்டுடைமை ஆக்கினார். 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் பதிவானது. இதை ஒரு தாயின் துக்கம் என்று மட்டும் படிப்பவர்கள் உண்டு. துக்கத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். அதைக் கையில் எடுத்த வி.கிருஷ்ணமூர்த்தி துக்கம் கொண்டாடும் ரகம் அல்ல. தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்தவர், திருச்சி பெல் ஆலையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர், பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்து வந்தவர். முழுக்க உள்நாட்டுக் கார் என்ற பழைய வீம்பை அவர் முதலில் கைவிட்டார். 1982 அக்டோபர் 2-ஆம் தேதி சுசுகியோடு ஒப்பந்தம். சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு. ஜப்பானில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த காரையே இங்கே செய்வது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவி ஒருவர் கையில் கொடுக்கப்பட்டது. விலை 47,500 ரூபாய்.

அரசு இதில் நடுநிலையாக இருந்ததாகப் பாவனை செய்ய வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி, இறக்குமதி வரிச் சலுகை, அனுமதிகள் என்று எல்லாம் மாருதிக்கு வேகமாகக் கிடைத்தன. பிர்லாக்களும் பிரீமியரும் முப்பது வருஷமாகக் கேட்டு நின்ற கதவுகள் இவர்களுக்குத் தட்டாமலேயே திறந்தன. அநியாயம்தான். ஆனால் இந்தமுறை சலுகையோடு ஒரு கெடுவும் ஒட்டியிருந்தது. படிப்படி உற்பத்தித் திட்டம் என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கு ஆண்டு இத்தனை சதவீதப் பாகங்கள் உள்நாட்டில் செய்யப்பட்டிருக்க வேண்டும். 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறிக்கொண்டே போனதும் ஜப்பானிலிருந்து வரும் பாகங்களின் விலை எகிறியது. இதனால் அதிகாரியின் கெடுபிடியைவிட வேகமாக யென் மாருதியை உள்நாட்டுப் பட்டறைகளிடம் துரத்தியது. பட்டறைகள் இல்லாத இடத்தில் மாருதி தானே பங்கு போட்டுத் தொடங்கிவைத்தது. கண்ணாடிக்கு ஒரு கூட்டு நிறுவனம், ஸ்டியரிங்குக்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று, தகடு அடிக்க ஒன்று. ஜப்பானிய நிறுவனங்களை இந்தியத் தொழில்முனைவோருடன் முடிச்சுப் போட்டது. 1991-இல் பாகங்களில் 65 சதவீதம் உள்நாட்டில் செய்யப்பட்டவை.

மாருதி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அந்தச் சிறிய வெள்ளைக் கார். அரசு உண்மையில் உருவாக்கியது குர்கானைச் சுற்றி எழுந்த அந்த முந்நூறு நானூறு பட்டறைகளின் வளையத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசு தன் பங்குகளை விற்றுக்கொண்டே வந்து 2007-இல் முற்றாக வெளியேறியபோது மாருதியில் எதுவும் நின்றுபோகவில்லை. வளையம் அங்கேயே இருந்தது.

ஆறாலும்மூட்டுக்கு இந்த வளையம் எழவில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் மூன்று சக்கர வண்டிகளை நம்பி யாரும் நெய்யாற்றின்கரையில் ஒரு வார்ப்பாலை போடமாட்டார்கள். ஒரு கியர் பெட்டியின் அச்சுவார்ப்புக்குப் போடும் முதல் திரும்பிவர ஏராளமாகக் கியர் பெட்டி விற்கவேண்டும். மாநில அரசின் கையில் என்ன இருந்தது? ஆலை கட்டலாம், கடன் கொடுக்கலாம், தன் நகராட்சிகளை வண்டி வாங்கச் சொல்லலாம். இறக்குமதி வரி டெல்லியின் கையில். தொழில் உரிமம் டெல்லியின் கையில். வெளிநாட்டுக் கூட்டுக்கு அனுமதியும் டெல்லியின் கையில். ஒரு மாநிலம் தேசத்தைப் போல நடந்துகொள்ள முயன்றது. தேசத்தின் கருவிகள் அதனிடம் இல்லை.

பூவாறு போகும் வழியில் ஸ்டாண்டில் நிற்கும் ஓர் ஓட்டுநரிடம் ஆட்டோ வாங்கும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். மைலேஜ் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “கம்பெனி பேரெல்லாம் பாக்கப்பிடாது சாரே. ராத்திரி பத்து மணிக்கு கிளச் கேபிள் அறுந்துபோச்சுன்னு வைங்க, எந்த முக்குல சாமானம் கிட்டும், அதப் பாக்கணும். ஒருநாள் ஓடலன்னா அண்ணைக்கு அரிசி இல்ல,” என்றார். தொழில் கொள்கை பற்றி நான் படித்த பல அறிக்கைகளைவிட இது தெளிவு. உதிரிபாகம் கிடைக்கிற வண்டியை மக்கள் வாங்குகிறார்கள். மக்கள் வாங்குகிற வண்டிக்கே உதிரிபாகம் செய்ய ஆள் வருகிறான். இந்தச் சுழலுக்குள் புதிதாக ஒருவர் நுழைய முதல் தள்ளு பெரிதாக இருக்கவேண்டும். மாருதிக்கு டெல்லி கொடுத்தது அந்தத் தள்ளுதான்.

தள்ளு கொடுத்தால் போதுமா என்பதற்கு மலேசியா ஒரு பாடம், தென்கொரியா இன்னொன்று. இரண்டின் தேசியக் காருக்கும் தொழில்நுட்பம் கொடுத்தது மிட்சுபிஷி. 1974-இல் கொரிய அரசு தன் கம்பெனிகளிடம் சொந்த மாடல் கார் வேண்டும் என்று கேட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் வரைய, மிட்சுபிஷி இயந்திரத்தோடு ஹூண்டாய் போனி வந்தது; உடனே ஏற்றுமதிக்குத் துரத்தப்பட்டது. உள்நாட்டில் இறக்குமதிக் கார்களிடமிருந்து காப்பாற்றிய அரசு, வெளிநாட்டுச் சந்தையில் உதைபட அனுப்பியது. மலேசியப் பிரதமர் மகாதீர் 1983-இல் புரோட்டோனைத் தொடங்கினார், 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. வெளிநாட்டுக் கார்களுக்கு உயர்ந்த வரி, இறக்குமதிக்கு அனுமதிச் சீட்டு என்று இரட்டை வேலி. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம் ஆட்கள் வீடுகளிலும் முதல் கார் பெரும்பாலும் சாகாவாகத்தான் இருந்திருக்கும். வேலி இருபது வருஷத்துக்கு மேல் நீடித்தது. வேலிக்குள் இருந்த காருக்கு வெளியே ஓடிப் பழக்கம் வரவில்லை. 2017-இல் 49.9 சதவீதப் பங்கு சீனத்தின் ஜீலிக்குப் போனது. மலேசியர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம். கொரியாவின் கார் இதற்கிடையில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து இருபது ஆண்டு ஆகிவிட்டிருந்தது.

வேலியைப் பற்றிப் பேசும்போது ரப்பரைச் சொல்லாமல் விடமுடியாது, அதிலும் இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு. காஞ்சிரங்குளம் கடலோரப் பக்கம். தென்னை, வாழை, மரச்சீனி. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கிழக்கு ஓரத்திலும் அதைத் தாண்டிக் குலசேகரம் வரையும் ரப்பர். இந்தியாவில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. நாடு பயன்படுத்தும் ரப்பரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டயருக்குப் போகிறது. அதாவது தேசியக் கார் தரையைத் தொடும் இடத்தில் இருப்பது அதிகாலையில் எழுந்து பால் வெட்டும் ஒருவரின் உழைப்பு. 2011-இல் ஷீட் ரப்பர் கிலோ 240 ரூபாயை ஒட்டிப் போனது. 2016 தொடக்கத்தில் நூறு ரூபாயை ஒட்டி வந்து விழுந்தது. மரத்தில் பால் வெட்டாமல் அப்படியே விட்டவர்கள் உண்டு.

முழுதாகச் செய்யப்பட்ட கார் இந்தியாவுக்குள் வர, பல ஆண்டுகளாக 60 முதல் 100 சதவீதம் வரை வரி இருந்தது. இயற்கை ரப்பருக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சாயப்பொருளும் பிறவும் சேர்த்துக் கலவை ரப்பராக வந்தால் 2023 வரை 10 சதவீதம்தான். கார் செய்கிறவருக்கு மதில், பால் வெட்டுகிறவருக்கு முள்வேலி. உள்நாட்டு டயர் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தார்கள் என்று போட்டி ஆணையம் ஐந்து நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியானது. மேல்முறையீட்டில் அது மறுபரிசீலனைக்கு ஆணையத்திடமே திருப்பி அனுப்பப்பட்டது. எனவே குற்றம் உறுதியானதாகச் சொல்லக்கூடாது. ஆனால் யாருடைய பாதுகாப்பு ‘தேச நலன்’ என்றும் யாருடையது ‘விவசாயிகள் கோரிக்கை’ என்றும் பெயர் வாங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும். கார் தொழில் கொள்கை ஒரு கோப்பில் இருக்கிறது, ரப்பர் இன்னொரு அமைச்சகத்தின் இன்னொரு கோப்பில். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தவர் யாரென்று தெரியவில்லை.

இதெல்லாம் எல்லையின் இந்தப்பக்கம் மாட்டிக்கொண்டதால் வந்த வினை என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தமிழகத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. போயிருந்தால் பாடியைப் போல ஒன்று இங்கேயும் வந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த நான்கு தாலுகாக்களில் எந்தக் கார் தொழிற்சாலை வந்தது? கன்னியாகுமரி மாவட்டத்தில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. சென்னையின் சலுகைகள் பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்தைச் சுற்றியே விழுந்தன. எல்லையின் இரண்டு பக்கமும் கார் வாங்குகிறோம். அந்த அளவில் ஒற்றுமை. வாங்குவதிலும் கேரளம் கொஞ்சம் முன்னால். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி கேரளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டில் கார் உண்டு. இந்தியா முழுக்கச் சேர்த்தால் நூற்றில் எட்டு வீடுகூட இல்லை. வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பிய பணம் நேரே ஷோரூமுக்குப் போயிருக்கிறது.

எல்லையில் வாழ்வதன் வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த காரை மார்த்தாண்டத்தில் டிஎன் 75 என்று பதிந்து வாங்கி, கல்யாணமாகிப் பாறசாலைக்குக் குடிவந்தவர், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேஎல் 19 என்று மறுபதிவு செய்யவேண்டும். தடையில்லாச் சான்று வாங்கவேண்டும், இங்கே சாலை வரி கட்டவேண்டும், அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு நடையாய் நடக்கவேண்டும். களியக்காவிளையில் பத்தடி தாண்டியதற்கு இத்தனை. தேசியக் கார் என்று எதைச் சொல்கிறோமோ அதற்குத் தேசம் முழுக்கச் செல்லும் ஒரு நம்பர் பலகைகூடச் சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

கொள்கை கார் செய்கிறவனைத் தீர்மானிப்பதோடு நிற்பதில்லை, காரின் உடம்பையும் அளந்து வெட்டுகிறது. காஞ்சிரங்குளம் சந்தையில் நிற்கும் செடான் கார்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிக்கி ஏதோ யோசித்துவிட்டுச் சட்டென்று நின்றுபோன மாதிரி இருக்கும். வடிவமைப்பாளர் குறையில்லை. 2006-இல் மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலானால் 1200 சிசிக்குள், டீசலானால் 1500 சிசிக்குள் இயந்திரமும் இருந்தால் கலால் வரி 16 சதவீதம் என்றது, மற்றவற்றுக்கு 24. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஒரு கார் இனம் இதிலிருந்து பிறந்தது. டாடா இண்டிகோவின் வாலை வெட்டி 2008-இல் சிஎஸ் என்று விற்றார்கள். 2012-இல் டிசையரும் குட்டையானது. ஜிஎஸ்டி வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப்பக்கம் 18 சதவீதம், அந்தப்பக்கம் 40. சிறிய காருக்குச் சலுகை கொடுப்பதில் எனக்குப் புகார் இல்லை. நம் ஊர் இடவழிகளுக்கு நான்கு மீட்டரே தாராளம். ஆனால் இந்தியாவின் பொறியாளர்கள் தங்கள் சாமர்த்தியத்தில் கணிசமான பகுதியைக் கடைசி ஐந்து சென்டிமீட்டரை ஒளித்துவைப்பதில் செலவிட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

ஆறாலும்மூட்டுக்கு 2019-இல் இன்னொரு வாய்ப்பு வந்தது. நீம் ஜி என்ற மின்சார ஆட்டோவை அங்கே செய்தார்கள். பொதுத்துறையில் இப்படியொன்று நாட்டிலேயே முதல் என்று அரசு பெருமைப்பட்டது. ஒருமுறை சார்ஜ் செய்தால் நூறு கிலோமீட்டர், விலை மூன்று லட்சத்துக்குள். திருவனந்தபுரத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் ஏறிச் சபைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு நேபாளத்துக்கும் வண்டிகள் போயின. மின்வண்டியில் எஞ்சின் கிடையாது, கிளச் கிடையாது, பழைய பாடி வளையத்தின் பாதி இதற்குத் தேவையே இல்லை. அறுபது ஆண்டுக் கால முன்னிலை ஒரே அடியில் அழிந்து, எல்லோரும் தொடக்கக் கோட்டுக்கு வந்து நிற்கும் அபூர்வமான நேரம் அது. அதிலும் சோதனை உடனே வந்தது: மின்வண்டியின் விலையில் பெரிய பங்கு பேட்டரி, பேட்டரியின் செல் பெரும்பாலும் சீனத்திலிருந்து. தனியார் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கோடியோடு அதே களத்தில் இறங்கின. மத்திய அரசு 2021 செப்டம்பரில் வாகனத் துறைக்கு 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. விற்றுமுதலும் முதலீடும் பெரிதாக உள்ளவர்களுக்கே அதில் இடம். மாநில ஆலை வரிசையில் நிற்கவே உயரம் போதாது.

அந்தத் திட்டத்தின் நிபந்தனை ஒன்று, மதிப்பில் 50 சதவீதம் உள்நாட்டில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. 1953-இல் கேட்ட அதே கேள்வி, புதுக் கணக்கோடு.

இந்தக் கணக்கைப் பற்றித்தான் எனக்கு இப்போது அதிக சந்தேகம். நெய்யாற்றின்கரை, காஞ்சிரங்குளம், பாறசாலைப் பிள்ளைகளில் பொறியியல் படித்தவர்கள் பலர் காலையில் ரயிலிலும் பைக்கிலும் கழக்கூட்டம் போகிறார்கள். அங்கே டெக்னோபார்க்கில் டாடா எல்க்ஸி இருக்கிறது. 2018-இல் நிசான் தன் டிஜிட்டல் மையத்தைத் திருவனந்தபுரத்தில் வைப்பதாக அறிவித்தது. ஜெர்மனியின் டிஸ்பேஸ் போன்ற, கார் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனமும் வந்திருக்கிறது. பிரேக் எப்போது பிடிக்கவேண்டும், பேட்டரி எவ்வளவு சூட்டைத் தாங்கலாம், முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதையெல்லாம் இன்று முடிவு செய்வது நிரல். அதில் ஒரு பகுதி இங்கே எழுதப்படுகிறது. ஆலைப் புகையில்லை, சைரன் இல்லை. ஊருக்குள் ஒரு கார் தொழில் வளர்ந்திருக்கிறது என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இங்கே எழுதிய நிரல் ஐரோப்பியக் கம்பெனிக்கு மணிக்கணக்குக் கூலிக்கு விற்கப்படுகிறது. அது ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஏறி, அந்தக் கருவி பெட்டிக்குள் ஏறி, ஒருவேளை விழிஞ்ஞம் துறைமுகத்திலேயே வந்து இறங்கலாம். அப்போது சுங்க அதிகாரி அதை வெளிநாட்டுப் பாகம் என்று பதிந்து வரி போடுவார். உள்நாட்டு மதிப்பு ஐம்பது சதவீதமா என்று கணக்கெடுக்கும் தணிக்கையாளர் அதைக் கழித்துவிட்டு மீதியைக் கூட்டுவார். நிரலை எழுதிய பெண் காஞ்சிரங்குளத்துக்காரியாக இருந்தாலும் தணிக்கையாளரின் கணக்கு மாறப்போவதில்லை.